அரை மணி நேரக் காற்று

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா? அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்.

இப்போது எண்ணெய்த் தொட்டிகளுக்குள் பெயிண்ட் அடிக்கிறேன். உள்ளே வாடை அதிகம் என்பதால் முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் மூடியும் மாட்டித்தான் இறக்குவார்கள். ஒரு சிலிண்டர் அரை மணி நேரம் வரும். பயப்படாதே, செவ்வாய்க்கிழமை எனக்கு மட்டும் கால் மணியில் தீரப் பார்த்தது. இறங்கியதுமே நெஞ்சு படபடவென்று அடித்து மூச்சு வாங்கியது. வாங்க வாங்கக் காற்று குறைந்தது. மீட்டரில் அது குறைவதைப் பார்த்ததும் இன்னும் வாங்கியது. எச்சரிக்கை விசில் ஊதியபோது ஏணி எந்தப் பக்கம் என்றே மறந்துபோனது.

மேலே கயிறு பிடித்திருந்த மேஸ்திரி குனிந்து கத்தினார்: "யோவ், மூச்சை இழுக்காதய்யா! வெளிய விடு. ஆறு எண்ணி, மெதுவா விடு."

விட்டேன். நாலைந்து மூச்சில் நெஞ்சு அடங்கியது, ஏணியும் கண்ணில் பட்டது. ஏறி வந்ததும், "ரெண்டு ஆள் காத்தை ஒருத்தனே குடிச்சிட்டியே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். இறங்கும் முன்புதான் உன் கடிதத்தைப் படித்தேன். காய்ச்சலில் பாப்பாவுக்கு மூச்சு இளைக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் அடுப்பு கேஸ் தீர்ந்ததைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவள் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணு. மூன்று வயதுக்கு நாற்பதைத் தொட்டாலே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமாம், இங்கே நர்ஸிடம் கேட்டேன். யார் போனிலிருந்தாவது கூப்பிட்டு எத்தனை என்று மட்டும் சொல். அங்கே இருந்திருந்தால் நானே அவள் பக்கத்தில் படுத்து எண்ணியிருப்பேன்.

வேன் வந்துவிட்டது.

பாப்பாவின் அப்பா