விரத நாளில் விட்ட குளிசை

அன்புள்ள அத்தான்,

இந்தச் சாமத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். நீங்களும் மாமியும் குழந்தையும் சுகந்தானே?

மாமி சொன்னபடி கந்தசஷ்டிக்குத் தண்ணீரும் குடிக்காமல் இருந்ததில், காலையில் விழுங்கும் மருந்துக் குளிசையையும் விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்தேன். பயப்படாதீர்கள், எழும்பி நடக்கிறேன்.

டொக்டர் என்னை ஏசினா: "ரீச்சர், பிள்ளைப்பேறில ரத்தம் கனக்கப் போனதால உங்கட பிட்யூட்டரிச் சுரப்பி பழுதாப்போச்சு. உடம்புக்கு வேண்டிய கோட்டிசோல் இனிக் குளிசையாலதான். விட்டா உயிர் போயிடும். பால் வராததும் அதாலதான்."

கடைசி வசனத்தை மாமிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டுங்கள். மிச்ச நாலு நாள் விரதத்தையும் எனக்காக அவவைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இங்கே குளிசை நாளையோடு முடிகிறது. அலுமாரியில் இருப்பதை, இக்கடிதம் கொண்டுவரும் பஸ் கொண்டக்டரிடமே கொடுத்துவிடுங்கள். குழந்தையின் மணம் போகாத, தோய்க்காத சட்டையொன்றையும் வையுங்கள்.

உடனே பதில் போடுங்கள்.

யதுர்ஷிகா
ஒட்டுசுட்டான்