மாமா கும்பிட்ட விளக்கு

நவம்பர் 3, திங்கள்

மதியத்திலிருந்து மழை. துணி காயவில்லை. வெளிச்சப் பெட்டி, அதாவது பகல்போல் எரியும் விளக்கு, வந்து சேர்ந்தது. மேரு கையுறைத் தொழிற்சாலையில் எனக்கு நைட் ஷிப்ட் நிரந்தரம் ஆனதிலிருந்து பகலில் தூக்கம் இல்லை, வேலையில் கண் சொருகுகிறது. அதற்கு டாக்டர் சொன்ன வழி: கிளம்பும் முன் கொஞ்ச நேரம் இந்த வெளிச்சம், காலையில் வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி.

என் வீட்டுக்காரர் குமார்: "இந்த நாட்டுல வெயிலுக்கா பஞ்சம்? வெளிய போய் நில்லு லா."

பொழுது சாய்ந்தபின் எந்த வெயிலில் நிற்பதாம்? கேட்டால் சிரிப்பு மட்டும்.

மறக்கக் கூடாதவை: ஒரு கை நீளம் தள்ளி. பக்கவாட்டில். விளக்கையே முறைத்துப் பார்க்கக் கூடாது. தலைவலி வந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும். கண்ணில் கோளாறு உள்ளவர்கள் கண் டாக்டரைக் கேட்காமல் கிட்டவே வரக் கூடாது.

நவம்பர் 4, செவ்வாய்

முதல் நாளே எரிச்சல். அந்தியில் பெட்டியைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். மாமா, அதாவது குமாரின் அப்பா, எழுந்து வந்தார். பெட்டிக்கு நேரே நின்றார். கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து அதையே பார்த்தார்.

"மாமா, இத நேரா பாக்கக் கூடாது. உங்களுக்கு இனிப்பு நீர் வியாதி. கண்ணுல லேசர் வேற செஞ்சிருக்கு."

"விளக்கு போட்டா கும்பிடணும்மா. லோரி ஓட்டுன காலத்துல ஹெட்லைட்டையே கும்பிட்டவன் நான்."

உண்மைதான். பொழுது சாய்ந்தபின் டியூப் லைட் போட்டாலும் கும்பிடுவார். ஆனால் ஒரு நொடிதான். இது என்ன இவ்வளவு நேரம்? குமார் இதற்கும் சிரிக்கிறார்.

நவம்பர் 5, புதன்

பெட்டியைச் சமையலறைக்கு மாற்றினேன். "டீ இருக்காம்மா?" என்று அங்கேயும் வந்துவிட்டார். டீயைத் தொடவில்லை. கூப்பிய கை, திறந்த கண். தலைவலி எனக்கு. பெட்டியாலா, மாமாவாலா, தெரியவில்லை.

பால், வெங்காயம், மாமா மாத்திரை வாங்க வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

படுக்கையறையில் வைத்துக் கதவைத் தாழிட்டேன். வாசலில் அவர் பக்கத்து வீட்டு ஆன்டியிடம்: "என் வீட்டுல எனக்கே வெளிச்சம் காட்ட மாட்டுறா."

ஆன்டி: "பாவம் லா அங்கிள்."

நான்தான் கொடுமைக்காரி. அவர் கண்ணுக்காகத்தான் செய்கிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கோபத்தில் கறுப்புக் கண்ணாடியை மறந்துவிட்டுக் கிளம்பினேன்.

நவம்பர் 8, சனி

லீவு. மழை இல்லை. சாமி மேடையில் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் காற்றில் விளக்கு அணைந்திருந்தது. மாமா அதன் முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

"மாமா, விளக்கு அணைஞ்சிருச்சே."

"தெரியும்மா," என்றார். திரியைத் தடவிப் பார்த்துவிட்டு, மெதுவாக: "தெரியலம்மா. கொஞ்ச நாளாவே அது எரியுதா இல்லியான்னு தெரியல. உன் பெட்டி ஒண்ணுதான் பளிச்சுன்னு தெரிஞ்சுது. குமார்கிட்ட சொல்லாத. கண்ணுல ஊசி போடணும்பாங்க."

துருவிக் கேட்டால், கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய நாளெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். நாலைந்து நாளாக அவரைத் திட்டியதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. கோபமும் போகவில்லை. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, மனுஷன்.

குமாரிடம் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

வேலை முடிந்து தூங்காமல் மூவரும் பிரிக்ஃபீல்ட்ஸ் கண் டாக்டரிடம். இடது கண் கஷ்டம். வலது கண்ணைக் காப்பாற்றப் பார்க்கலாம், நாளைக்கே ஊசி என்றார்.

அதைச் சொல்லுமுன் அறையை இருட்டாக்கி, மாமாவின் கண்ணுக்கு நேரே விளக்கைக் கொண்டுவந்தார். மாமா கையைக் கூப்பினார்.

"அங்கிள், கைய கீழ போடுங்க. மறைக்குது."

குமார் சிரிக்கவில்லை. அந்தக் கையை நான்தான் பிடித்து இறக்கினேன். பரிசோதனை முடியும்வரை விடவில்லை.