அப்பாவுக்கு வந்த மார்க்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, கடை மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன். குட்டிக்குச் சளி விட்டதா? போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை விளக்கம் சொல்கிறாய், பக்கத்தில் உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று நடுவில் புகுந்து சிரிக்கிறார். காகிதம் குறுக்கே பேசாது. கடன் கட்டுகிறவர்களுக்கு மார்க் போடுகிற இந்தக் கிரெடிட் ஸ்கோர் சமாச்சாரம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபடாமலேயே ஒரு பெரிய காரியத்தைச் செய்தும் முடித்துவிட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன், நிதானமாகப் படி.

நம் சலவைக் கடை இருக்கிற அறையை ஒரு வருஷத்துக்குள் விற்கப்போவதாகக் கட்டடக்காரர் சொன்னாரே, அன்றே பக்கத்துச் செல்போன் கடைக்காரன் நடுச்சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கப் போகிறானாம். நான் இஸ்திரி போட்டுக்கொண்டு நிற்கும்போதே வந்து, "உங்க மெஷினையெல்லாம் எங்க கொண்டு வைக்கப் போறீங்கக்கா?" என்று கேட்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அறையை நானே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். விலையில் பாதிக்குமேல் என்னிடம் பணம் இருந்தது. மீதிக்கு லோன் கேட்கலாம் என்று பேங்குக்குப் போனேன். துணைக்கு உன் அப்பா வந்தார், வெளியே வெயில், உள்ளே ஏசி, அதனால் வந்தார். கண்ணாடி போட்ட ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், என் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஸ்கோரே இல்லம்மா" என்றாள். குறைச்சலா என்று கேட்டேன். "குறைச்சல் இல்லம்மா, எதுவுமே இல்ல. உங்களைப் பத்தி சிஸ்டத்துக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். வாராவாரம் கடைப் பணத்தைக் கொண்டுபோய் அவள் கவுன்டரில்தான் கட்டுகிறேன், அவள் கல்யாணப் புடவையை நான்தான் பாலிஷ் போட்டுக் கொடுத்தேன், என்னைப் பற்றி ஒன்றும் தெரியாதாம். கடை வாடகையை ஒரு மாதம்கூடத் தள்ளிக் கொடுத்ததில்லையே என்றேன். வாடகையெல்லாம் அதில் வராதாம். கடன் வாங்கித் திருப்பிக் கட்டியிருந்தால்தான் வருமாம். கடன் வாங்காமல் இருந்தது நல்ல பழக்கம் இல்லையா என்று கேட்டால் அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிக்கிறாள்.

அதோடு விட்டாளா? அப்பாவுடையதைப் பார்க்கலாமா என்று அவர் நம்பரைத் தட்டினாள். திரை முழுக்கப் பச்சை. "சாருக்கு ரொம்ப நல்ல ஸ்கோர்" என்று சொல்லிப் பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாள். நீயே சொல். வீட்டு லோன், ஃபிரிட்ஜ், கடை மெஷின் இரண்டு, உன் காலேஜ் கடன், எல்லாம் அவர் பேரில் வாங்கியது, ஏனென்றால் பஸ் ஓட்டிய சம்பளச் சீட்டு அவரிடம் இருந்தது. ஆனால் அத்தனை தவணையும் யார் கட்டியது? மழையோ காய்ச்சலோ, நான் போய் வரிசையில் நின்று கட்டினேன். தவணை என்றைக்கு என்று அந்த மனிதரை ஒரு தடவை சொல்லச் சொல். கட்டியது நான், மார்க் அவருக்கு. இதற்கு மேல் அவர் பண்ணுகிற அட்டகாசம் தாங்கவில்லை. கடையில் சட்டையெல்லாம் பிரித்து அடுக்கித் தாருங்கள் என்றால், "இவ்வளவு மார்க் வாங்கின ஆளை இப்படியா வேலை வாங்குறது?" என்கிறார். துணி வாங்க வருகிற நர்சம்மாவிடமும் சொல்லிவிட்டார்.

நான் விடுவேனா? வேறு பேங்குகளுக்குப் போனேன். ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து நியாயம் கேட்டேன். எல்லோரும் மரியாதையாக நாற்காலி போட்டு, கையெழுத்து வாங்கி, நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு அதே பதிலைத்தான் சொன்னார்கள். திரும்ப வந்து கண்ணாடிப் பெண்ணிடம் சொன்னால் தலையில் கை வைத்துக்கொள்கிறாள். இப்படி லோன் கேட்டுப் பல இடத்தில் ஏறி இறங்கினால், அத்தனை பேர் பார்த்ததும் பதிவாகுமாம், பணத்துக்குத் தவிக்கிறார்கள் போல என்று அர்த்தமாகுமாம், அதற்கும் மார்க் குறையுமாம். இல்லாத மார்க் எப்படிக் குறையும் என்று கேட்டேன். "வரும்போதே குறைஞ்சு வரும்மா" என்றாள்.

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். என் பணத்தில் கொஞ்சத்தை டெபாசிட்டாகப் போட்டால் அதை வைத்து எனக்கு ஒரு கார்டு தருவார்களாம். அதில் ஏதாவது வாங்கி, பில் வந்ததும் கட்டினால் மார்க் வருமாம். என் பணத்தை அவர்களிடம் கொடுத்து, அவர்களிடமே கடன் வாங்கி, மறுபடி என் பணத்தையே கொடுத்துக் கட்ட வேண்டும். இதை நான் மூன்று தடவை கேட்டேன், அவளும் மூன்று தடவை அப்படியே சொன்னாள். சரி என்று வாங்கினேன். காலையில் அந்தக் கார்டைக் கொடுத்து சோப்புத்தூளும் ஹேங்கரும் வாங்கினேன். கடைப்பையனிடம் கடன் சொல்லிவிட்டு வந்தது மாதிரி கூச்சமாக இருந்தது. மத்தியானமே பேங்குக்குப் போய் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டேன். மாதாமாதம் இப்படியே செய்தேன், வாங்கிய அன்றே கட்டினேன். ஒரு நாள் கண்ணாடிப் பெண் எழுந்து வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, தயவுசெஞ்சு பில் வர விடுங்கம்மா. நீங்க முந்திக்கிட்டுக் கட்டிடுறதால பில்லு வெறுமையாவே போகுது. பில்லுன்னு ஒண்ணு வந்தாத்தானே நாளுக்குள்ள கட்டினீங்கன்னு ஏறும்?" என்றாள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடனோடு உட்கார்ந்திருப்பதுதான் யோக்கியதை என்று எனக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. இன்னொன்றும் சொன்னாள். கார்டில் எவ்வளவு தருகிறார்களோ அவ்வளவையும் எடுத்துவிடக் கூடாதாம், மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்த வேண்டுமாம். எடுக்கக் கூடாது என்றால் எதற்குத் தருகிறார்கள்? இதற்கு நீ போனில் சொன்ன பதிலும் எனக்குப் புரியவில்லை.

புரியாவிட்டாலும் கேட்டு நடந்தேன். பில் வரும்வரை முள்மேல் நிற்பதுபோல நின்றேன், வந்ததும் ஓடினேன். கடைசியில் மார்க் வந்தது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, நடுவில் ஒரு மஞ்சள். அறையின் விலைக்கு அது போதாது என்றார்கள், கட்டடக்காரரோ மாதக் கடைசிக்குள் பணம் வேண்டும் என்று நிற்கிறார். அப்போதுதான் நீ, "அப்பா பேர்ல வாங்கிடும்மா, யார் பேர்ல இருந்தா என்ன?" என்றாய். அன்று போன் கட்டானது சிக்னலால் இல்லை. நான்தான் வைத்தேன். யார் பேரில் இருந்தால் என்ன என்றுதான் நானும் இத்தனை வருஷம் இருந்தேன், அதன் பலனைத்தான் அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். நீ பணம் அனுப்புகிறேன் என்றதையும் வேண்டாம் என்றேன், கோபித்துக்கொள்ளாதே.

அதற்கு மூன்றாம் நாள் உன் அப்பா என்னிடம் சொல்லாமல் பேங்குக்குப் போய் மேனேஜர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிப் பெண்தான் பிறகு எனக்குச் சொன்னாள். "சார், எங்க வீட்ல தவணை எந்தத் தேதின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. என் பேர்ல இருக்கிற மார்க் பூரா அவளோடது. அதை அவளுக்கு மாத்திக் கொடுங்க" என்று கேட்டாராம். பேங்கே சிரித்ததாம். மாற்ற முடியாது, ஆனால் ஜாமீன் போடலாம் என்று மேனேஜர் சொன்னாராம். கடன் என் பேரில், கடை என் பேரில், அவர் எனக்குப் பின்னால் நிற்பார், நான் தவறினால் அவர் மார்க்கும் இறங்கும். அதைக் கேட்டு, "அப்போ இனிமே என் மானம் அவ கையில. புதுசா என்ன, எப்பவும் அப்படித்தானே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். கடைக்கு வந்து தானாகவே சட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளையையும் கலரையும் கலந்துதான் அடுக்கினார், அவர் போன பிறகு நான் பிரித்துக்கொண்டேன்.

போன வாரம் அறை என் பேரில் பதிவாகிவிட்டது. செல்போன் கடைக்காரன் இப்போது சுவரைத் தட்டுவதில்லை, நேற்று ஒரு போர்வையைச் சலவைக்குக் கொண்டுவந்து போட்டான், நான் கூடுதலாகக் காசு எதுவும் வாங்கவில்லை. முதல் தவணையை முன்கூட்டியே கட்டிவிடலாம் என்று போனேன். கண்ணாடிப் பெண் வாசலிலேயே பார்த்துவிட்டு, தேதியில் தானாகவே பிடித்துக்கொள்வார்கள், வீட்டுக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். நான் போய் நிற்காமல் ஒரு தவணை எப்படிக் கட்டப்படும் என்பது எனக்கு இப்போதும் குழப்பம்தான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அங்கே வீட்டுக் கடன், கார் தவணை எல்லாம் யார் பேரில் போகிறது? மாப்பிள்ளை தங்கமான மனுஷன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, உன் அப்பாவும்தான் தங்கம். இருந்தாலும் ஏதாவது ஒன்று உன் பேரில் இருக்கட்டும், அதை நீயே கட்டு, தேதிக்குக் கட்டு. இந்தப் பகுதியை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, ஒளிக்க வேண்டாம். மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு நீண்ட நாள் வாழ வேண்டும். குட்டிக்கு என் முத்தம். தவணை பிடித்த பிறகு என் மார்க் ஏறியதா என்று உன் போனில் பார்த்துச் சொல். நம்முடையதை நாமே பார்த்தால் குறையாது என்கிறாய், எனக்கு நம்பிக்கை இல்லை, ஒரு தடவை மட்டும் பார்.

இப்படிக்கு,
இந்த வயதில் சொந்தப் பேரில் கடன்காரியான
உன் அம்மா