குளிரவில்லை என்றவர்

செவ்வாய், இரவு.

இல்லை, அவர் பொய் சொல்லவில்லை, மரியாதைக்காகச் சொன்னார். இன்றைய நோயாளி, காங்கேயத்துக்காரர். குடலிறக்க ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டரான நான் கொடுத்த ஊசியில் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்தது. "குளிருதுங்களா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லீங்கம்மணி." பல் தந்தியடித்தது.

உடல் வெப்பம் முப்பத்தாறு டிகிரி செல்சியஸுக்குக் கீழே. இன்னும் இறங்கினால் வெட்டிய இடத்தில் ரத்தக்கசிவு நிற்க நேரமாகும். ஏசி குளிரைக் குறைக்கலாமா என்று சர்ஜனிடம் கேட்டேன்.

"அவரே நல்லாருக்குன்னு சொல்றாரு, உனக்கென்னம்மா?"

"ஆமாங்க, டாக்டருக்கு வேர்த்துப்போடுமுங்க," என்று நோயாளியும் சேர்ந்துகொண்டார்.

இருவரையும் மீறிக் குளிரைக் குறைத்தேன். சூடான காற்று ஊதும் போர்வையைப் போட்டேன். சர்ஜனுக்கு வேர்த்தது. கொஞ்ச நேரத்தில் நோயாளி என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார்: "இப்பத்தானுங்க உசுரு வந்துச்சு. அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

வெளியே வந்ததும் ஆபரேஷன் தியேட்டர் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்: 'குளிருகிறதா என்று கேட்க வேண்டாம். அளந்து பார்க்கவும்.'