ரிஸானாட தொட்டியில கண்ட வெளிச்சம்

வியாழக்கிழமை. இஷா தொழுதும் மனசு அடங்கல்ல.

இந்த இறால் குஞ்சுப் பண்ணையில நான் எட்டு வருஷம். ரிஸானா வந்து எட்டு மாசம். ஆனாலும் குஞ்சு வாங்க யார் வந்தாலும் முதலாளி அவள்ட தொட்டியைத்தான் காட்டுவார். "இந்தப் புள்ளைட கை ராசி" என்பார். நானும் பக்கத்தில நின்று சிரிக்க வேணும்.

செவ்வாய்க்கிழமை பகல் அவள் சாப்பிடப் போன நேரம், அப்படி என்னதான் வளர்க்கிறாள் என்று பார்க்கப் போனேன். தொட்டியை மூடின கறுப்புப் படங்குக்குள்ள தலையை விட்டு, என்ட தொட்டிக்கென்று வச்சிருக்கிற கண்ணாடிக் கோப்பையால தண்ணி அள்ளினேன். அந்த இருட்டில குஞ்செல்லாம் நீலமா மின்னிச்சு. கடல் தண்ணியோட வாற கிருமி அது. உடனே தண்ணி மாத்தினால் பாதியாவது தப்பும். எனக்குத் தெரியும்.

அவள் திரும்பி வந்து, "சாப்பிட்டீங்களா ராத்தா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். வேறொன்றும் சொல்லல்ல.

இன்றைக்கு அவள்ட குஞ்செல்லாம் செத்து, தொட்டிக்குக் குளோரின் போட்டுத் தண்ணியைத் திறந்து விட்டாங்க. அவள் அழுதாள். நான் முதுகைத் தடவி விட்டேன். அசர் தொழுத பிறகு என்ட தொட்டிப் படங்கைத் தூக்கினால், அதே நீலம்.

"ஒரு தொட்டிக் கோப்பையை மற்றத் தொட்டியில விட்டது யாரு?" என்று முதலாளி கத்தினார்.

ரிஸானா என்ட கையைப் பிடித்தாள். "என்ட தொட்டியாலதான் உங்கடதும் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்க ராத்தா."

அன்றைக்கு அந்தக் கோப்பையைக் கழுவாமலே என்ட தொட்டியில விட்டவள் நான். மன்னிப்புக் கேட்கிறதிலயும் அவள் முந்திட்டாள்.