கல்யாண சிடியின் அளவு

காரைக்குடி,
27.5.1999

அன்புள்ள அம்மாவுக்கு, பெல்சி எழுதுவது. எதையும் மறைக்காமல் உள்ளபடியே எழுதுகிறேன். நான் நலம். வால்பாறையில் மழை பிடித்துவிட்டதா? அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மாமாவின் வீடியோ கடையில் நடந்ததைப் படித்துக் கவலைப்படாதீர்கள். போன வாரம் பெரியகருப்பன் ஐயா, தன் மகளின் கல்யாண சிடி பிளேயரில் ஓடவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார். கேசட்டை சிடியாக மாற்றும் அருள்பாண்டி அண்ணன் உடனே, “சிடி மேல பெல்சி விரல் பட்டுருச்சுய்யா” என்றார். மாமா அதை நம்பி, இனிக் கம்ப்யூட்டர் பக்கம் போகாதே என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

மாமாவும் அண்ணனும் சாப்பிடப் போனபோது, கடையில் இருந்த கம்ப்யூட்டர் புத்தகத்தைப் பார்த்து, அந்த வீடியோ ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்புப் பகுதியைத் திறந்து படித்தேன். படத்தின் அகலமும் உயரமும் அங்கே எண்களாக இருக்கும். பிளேயருக்கு 352, 288 வேண்டும். அண்ணன் 320, 240 வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் ஓடியதால் அவருக்குத் தெரியவில்லை.

மாமாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நான்கு நாள் காத்திருந்தேன். நேற்று ஐயா வந்ததும் அவர் முன்னாலேயே கேட்டேன்.

“அண்ணே, என்ன அளவு வச்சீக?”

“எல்லாம் சரியான அளவுதான்.”

அந்தத் தலைப்புப் பகுதியைக் கம்ப்யூட்டரில் திறந்து, திரையில் இருந்த எண்களையும் புத்தகத்தில் இருந்த எண்களையும் சத்தமாக வாசித்தேன். ஐயா, “இந்தப் புள்ள விரல் பட்டா எம் மக கல்யாணம் சுருங்கிப் போகுமாப்பா?” என்றார். அண்ணன் தலை நிமிரவேயில்லை. எனக்கு இன்னும் இனிக்கிறது. இனி எந்த சிடியும் நான் பார்த்த பிறகுதான் வெளியே போக வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார்.

யாராவது இங்கே வந்தால் என் தலையணை உறையைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

கடையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், இப்போது தெருவிளக்கு வெளிச்சத்தில். நான் உள்ளே இருப்பது தெரிந்தே அருள்பாண்டி அண்ணன் விளக்குகளை அணைத்துவிட்டார்.