எழுந்தவனை அமர்த்திய சொல்

அன்புத் துணைவி புவனேசுவரிக்கு, நலம் சூழ்க. அம்மாவின் முழங்கால் வலி தணிந்ததா? நான் நலமே.

ஞாயிறன்று நாக்பூர்த் திரையரங்கில் அரிதாக ஒரு தமிழ்ப்படம். கள்வரைப் பிடிக்கக் காவலர் இருவர் பூக்காரிகளாக மாறுவேடமிட்டு, பெண்ணுடலை இழித்தே சிரிப்பு மூட்டினர். நான் பேசும் மேடையாயிருந்தால் முழங்கியிருப்பேன், இங்கே வெறுப்புற்று வெளியேற எழுந்தேன். அந்நேரம் வேடக்காரருள் ஒருவன், "செத்த நேரம் இரு அப்பு, இந்தா வாரேன்" என்றான். நம்மூர் நாகல் நகர்ப் பேச்சு! கால் நகரவில்லை. இறுதிவரை அமர்ந்திருந்தேன், ஒருமுறையும் சிரிக்கவில்லை.

பூண்டு ஊறுகாய் சிறிது அனுப்பு. சென்றமுறை தொலைபேசியில் எனக்காகத் தூய தமிழில் பேச முயன்று, "உணவருந்தினீர்களா?" என்றாய். இனி, "சாப்டீகளா?" என்றே கேள்.

பணிக்கு வண்டி வந்துவிட்டது.

உன்
பொன்னுத்துரை